மெஷினில் கிடந்தவர் கண்டது

2021 ஆகஸ்ட் மாதம் மலேசியாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகள் இருந்தார்கள். அந்த மாதம் 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 புதிய தொற்றுகள். அந்த அலை முழுவதும் அதிகம் அடிபட்ட மாநிலங்களில் சிலாங்கூர் முன்னணியில் இருந்தது. சுங்கை பூலோ மருத்துவமனை 2020 மார்ச்சிலேயே கோவிடுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சுங்கை சோ, செரண்டா, பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று தோட்டங்களைச் சுற்றி வாழும் குடும்பங்கள் பகலெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடையாது. மருத்துவர் அழைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கோவிட் நோயை மலேசியா பிரித்திருந்த ஐந்து கட்டங்களில் கடைசிக் கட்டத்துக்குப் போனவர்களைப் பற்றி வந்த செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தது: மூச்சு போதவில்லை, குழாய் போட்டு மெஷினில் வைத்திருக்கிறோம், தூங்க வைத்திருக்கிறோம்.

தூங்குகிறார் என்றால் வீட்டில் ஒரு நிம்மதி. வலி தெரியாது, பயம் தெரியாது, நடப்பது எதுவும் தெரியாது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மருந்தால் வரும் அந்த நிலை தூக்கம் அல்ல. அதற்குள் கிடப்பவர் சும்மாவும் கிடப்பதில்லை. அவர் என்னவெல்லாம் காண்கிறார், கேட்கிறார், எதை நம்புகிறார், அதில் எது வீடு திரும்பிய பிறகும் கூடவே வருகிறது என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் குழாய். வாய் வழியாக, நாக்கைத் தாண்டி, குரல் நாண்களுக்கு நடுவே நுழைந்து மூச்சுக்குழலில் நிற்கிறது அது. குரல் நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் ஒலி பிறக்கும். நடுவில் குழாய் இருக்கும்வரை முனகல்கூட வராது. சாதாரணமாக நாம் மூச்சிழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைகிறது, காற்று தானாக உள்ளே வருகிறது. வென்டிலேட்டர் செய்வது இதற்கு நேர்மாறு. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிப்பதுபோல் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. உடம்பு ஒரு கணக்கில் மூச்சுவிட நினைக்க, கருவி வேறொரு கணக்கில் தள்ளினால் இரண்டுக்கும் மோதல். பிழைத்து வந்தவர்களிடம் எது உங்களை அதிகம் பயமுறுத்தியது என்று பல நாடுகளில் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்பது வலி அல்ல, பேச முடியாமல் போனதுதான்.

அதற்கு அடுத்தது மூச்சுத் தவிப்பு. நுரையீரலுக்குப் போதுமான ஆக்சிஜனைக் கருவி கொடுத்துக்கொண்டிருக்கும்போது தவிப்பு எப்படி வரும்? அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ராபர்ட் பான்செட் 1990இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இதற்கு விடை இருக்கிறது. முழு நினைவோடு இருந்த தன்னார்வலர்களின் தசைகளை மருந்தால் செயலிழக்கச் செய்து, மூச்சைக் கருவியிடம் விட்டார்கள். பிறகு ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவை மெல்ல உயர்த்தினார்கள். ஒரு தசைகூட அசையாத நிலையிலும் அவர்களுக்குத் தாங்க முடியாத மூச்சுத் தவிப்பு வந்தது. அந்தத் தவிப்பு நெஞ்சுத் தசையில் பிறப்பதில்லை, மூளைத்தண்டில் பிறக்கிறது. ஆகவே அசையாமல், அமைதியாகப் படுத்திருப்பவருக்கும் அது இருக்கலாம்.

நுரையீரலைக் காப்பாற்றும் மருத்துவமே சில சமயம் இந்தத் தவிப்பைக் கூட்டுகிறது. வீங்கிய நுரையீரலுக்குள் அதிகக் காற்றைத் தள்ளினால் அது கிழிபடும். அதனால் ஒவ்வொரு மூச்சையும் சிறிதாகக் கொடுக்க வேண்டும். கணிக்கப்பட்ட உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் என்ற அளவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில் உயிர்களைக் காப்பாற்றியது, இன்று உலகெங்கும் அதுதான் வழக்கம். ஆனால் சிறு மூச்சில் கரியமில வாயு தேங்கும், தேங்கினால் தவிப்பு வரும். 2011இல் பிரான்சில் மத்தியூ ஷ்மிட்டும் அவருடைய குழுவினரும் பதில் சொல்லக்கூடிய நிலையில் மெஷினில் இருந்த 96 பேரிடம் கேட்டபோது 47 விழுக்காட்டினர் மூச்சு முட்டுகிறது என்றார்கள். கருவியின் அமைப்பைச் சற்று மாற்றியதுமே அவர்களில் பலருக்குச் சிரமம் குறைந்தது. கேட்காவிட்டால் தெரிந்திருக்காது.

தவிப்பையும் போராட்டத்தையும் அடக்கத்தான் மயக்க மருந்து. நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். முகம் குப்புறப் படுக்கவைத்துப் பதினாறு மணி நேரம் வைத்திருக்க வேண்டிய நோயாளிக்கு, தசைகளை முடக்கும் மருந்து போகும் நோயாளிக்கு, ஆழ்ந்த மயக்கம் வேண்டியதுதான். கேள்வி மற்றவர்களைப் பற்றியது: அவர்களுக்கும் அந்த ஆழம் தேவையா?

இந்தக் கேள்விக்கு மலேசியாவிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. நாம் பெருமையோடு அறிந்துகொள்ள வேண்டிய ஆய்வு அது. யாஹ்யா ஷெஹாபி என்ற ஆஸ்திரேலிய மருத்துவரும் மலேசிய மருத்துவர்களும் சேர்ந்து இந்நாட்டின் 11 மருத்துவமனைகளில் மெஷினில் வைக்கப்பட்ட 259 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயாளி எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்பதை அளக்க ஒரு அளவுகோல் உண்டு. அமைதியான விழிப்பு என்றால் பூஜ்யம், என்ன செய்தாலும் அசைவில்லை என்றால் கழித்தல் ஐந்து. கழித்தல் மூன்றும் அதற்குக் கீழேயும் ஆழ்ந்த மயக்கம். முதல் முறை அளந்தபோதே 71 விழுக்காட்டினர் அந்த ஆழத்தில் இருந்தார்கள். முதல் 48 மணி நேரத்தில் மயக்கம் ஆழமாக இருந்தவர்களுக்குக் குழாயை எடுக்க அதிக நாள் ஆனது. மருத்துவமனையிலும், அதற்குப் பிறகு 180 நாட்களுக்குள்ளும் இறந்தவர்கள் அவர்களிடையே கூடுதல். நோய் கடுமையாக இருந்தவர்களுக்குத்தானே அதிக மருந்து போயிருக்கும் என்ற நியாயமான சந்தேகம் எழும். நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது.

மருந்து மயக்கம் ஏன் தூக்கமாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயல்பான தூக்கம் படிப்படியாக இறங்கி, கனவுக் கட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறி, ஓர் இரவில் பலமுறை சுற்றி வரும். மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் அந்தச் சுற்றைக் குலைத்துவிடுகின்றன. அதோடு அறையின் நிலைமையும் சேர்ந்துகொள்கிறது. நோயாளி அறைகளில் இரவில் 30 டெசிபெலுக்கு மேல் சத்தம் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எச்சரிக்கை மணிகள் ஓயாத ஐசியுவில் அது நடப்பதில்லை. விளக்கு அணைவதில்லை. மணிக்கொரு முறை யாராவது தொடுகிறார்கள். பகல் எது, இரவு எது என்ற கணக்கை மூளை இழந்துவிடுகிறது. காய்ச்சலும் ரத்தத்தில் பரவிய அழற்சியும் ஆக்சிஜன் குறைவும் ஏற்கனவே தள்ளாட வைத்த மூளை அது.

அங்கே சன்னி பிறக்கிறது. நம் பாட்டிமார் காய்ச்சலில் பிதற்றும் குழந்தையைப் பார்த்துச் சொன்ன அதே சன்னிதான். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ் ஈலி 2004இல் வெளியிட்ட ஆய்வில், மெஷினில் இருந்த 224 பேரில் 183 பேருக்குச் சன்னி கண்டிருந்தது. கண்டவர்களில் 34 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள், காணாதவர்களில் 15. குழாயைப் பிடுங்கி, கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் பெரும்பாலான சன்னி அப்படி இருப்பதில்லை. கண்ணை அரைகுறையாகத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடப்பார். பார்க்க வந்த மகன், அப்பா நல்லா அமைதியா இருக்காரு என்று சொல்லிவிட்டுப் போவார்.

பேச முடியாதவரிடம் சன்னியைக் கண்டுபிடிக்க ஈலியின் குழு 2001இல் ஒரு சோதனையை வடிவமைத்தது. ஒரு தாதி அதை இரண்டு நிமிடத்தில் செய்து முடிக்கலாம். ஆங்கில எழுத்துகள் பத்தை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள், ‘ஏ’ வரும்போதெல்லாம் நோயாளி கையை அழுத்த வேண்டும். பிறகு ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி சில கேள்விகள். அவற்றில் ஒன்று, கல் தண்ணீரில் மிதக்குமா என்பது. இந்தச் சோதனை பல மொழிகளில் நன்றாகவே பயன்படுகிறது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் லயத்து வீட்டில் வளர்ந்து, பள்ளியைப் பாதியில் விட்டு, பால் மரம் சீவிப் பிறகு செம்பனைக்கு மாறிய ஒரு பெரியவரை அந்தக் கட்டிலில் வைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்து அவருக்குப் பழக்கமில்லை. கல்லைப் பற்றிய கேள்விக்கு அவர் ஆம் என்று தலையசைக்கக்கூடும். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்தது, அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்று கோயிலில் கேட்டு வளர்ந்தவர் அவர். புத்தி தடுமாறியதாகக் கணக்கில் விழும் அந்தத் தலையசைப்பு அவருடைய தெளிவாகவும் இருக்கலாம். அவர் மொழி தெரிந்த ஒருவர், அவர் வாழ்க்கை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் வித்தியாசம் யாருக்கும் தெரியப்போவதில்லை.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு மலாய் நன்றாகவே வரும். சந்தையிலும் வேலையிடத்திலும் அது அவர்கள் மொழிதான். “அங்கிள், தாரிக் நாஃபாஸ்” என்று தாதி சொன்னால் மூச்சை இழுக்கச் சொல்கிறார் என்று நல்ல நிலையில் உடனே புரியும். ஆனால் சன்னியில் முதலில் உடைவது கவனம். பின்னால் கற்ற மொழியைப் பிடித்துக்கொள்ளக் கவனம் கூடுதலாக வேண்டும். “ஐயா, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, வாயில குழாய் இருக்கு, அதான் பேச வரல” என்ற மூன்று தமிழ்ச் சொற்றொடர்கள் அந்த நேரத்தில் மருந்துக்குச் சமம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் ஒரு சிறிய சோதனையும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சிண்டி மன்ரோ என்ற தாதியியல் ஆய்வாளர் 30 ஐசியு நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் குடும்பத்தினர் குரலில், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், என்ன நடக்கிறது என்ற பதிவு பகலில் அவ்வப்போது ஒலித்தது. இன்னொரு குழுவுக்கு அதே செய்தி அறியாத குரலில். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஆங்கிலம் அல்லது ஸ்பானியம், வீட்டில் எது பேசுகிறார்களோ அதில். குடும்பக் குரலைக் கேட்டவர்களுக்குச் சன்னியில்லாத நாட்கள் சற்றுக் கூடுதலாக இருந்தன. முப்பது பேரை வைத்துப் பெரிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்ய ஒரு காசு செலவில்லை.

சன்னியில் காண்பவை நோயாளிக்கு நோயாளி மாறினாலும் ஒரு சாயல் உண்டு. யாரோ கடத்திவிட்டார்கள். கப்பலிலோ ரயிலிலோ அடைத்துவைத்திருக்கிறார்கள். தாதிகள் விஷம் ஏற்றுகிறார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது. இவை வெறுமனே முளைப்பதில்லை. குழாயைப் பிடுங்கிவிடாமல் கையைக் கட்டிலில் கட்டியிருப்பார்கள், மூளை அதைச் சிறை என்று படிக்கிறது. சிறுநீர்க் குழாய் போட்டதைப் பலாத்காரம் என்று நம்பிய பெண்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் கருவிக்குள் நுழைத்ததைச் சூளைக்குள் தள்ளுவதாக நம்பியவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நடந்த ஒன்றின் மேல் பயம் ஒரு கதையைக் கட்டிவிடுகிறது. நம்மிடையே அந்தக் கதைக்குள் இறந்துபோன அம்மா வந்து கூப்பிடலாம், தோட்டத்து எல்லையில் இருக்கும் முனீஸ்வரர் கட்டிலடியில் நிற்கலாம். வீட்டில் அதைச் சாமி காட்டிய காட்சி என்பார்கள், அல்லது காத்து கருப்பு என்பார்கள். அந்த நம்பிக்கையோடு சண்டை போட வேண்டியதில்லை. சன்னி கண்ட மூளை இப்படிக் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

நான் இந்த அத்தியாயத்தை எழுதக் காரணமான கண்டுபிடிப்பு அடுத்தது. இங்கிலாந்தில் விஸ்டன் மருத்துவமனையில் கிறிஸ்டினா ஜோன்ஸும் ரிச்சர்ட் கிரிஃபித்ஸும் ஐசியுவிலிருந்து மீண்டவர்களின் நினைவுகளை ஆண்டுக்கணக்கில் சேகரித்தார்கள். யாருக்குப் பிற்பாடு கொடுங்கனவும் திகிலும் வருகின்றன என்று பார்த்தார்கள். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்றுதான் நாம் எண்ணுவோம். 2001இல் அவர்கள் வெளியிட்டது நேர் எதிர். உண்மையில் நடந்தது எதுவும் நினைவில்லாமல், நடக்காதவை மட்டும் நினைவில் தங்கியவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். குழாய் தொண்டையை உறுத்தியது, தாதி முகம் துடைத்தாள், மனைவி கையைப் பிடித்தாள் என்ற உண்மை நினைவுகள், கசப்பானவைகூட, ஒரு காப்பாக நின்றன. உண்மை நினைவு மங்கிப்போகும். சன்னியில் கண்டது மங்குவதில்லை, மாதங்கள் கழித்தும் அப்படியே இருக்கும்.

அப்படியென்றால் ஒன்றும் தெரியாமல் ஆழமாகத் தூங்க வைப்பது கருணை என்ற நம் எண்ணம் ஆட்டம் காண்கிறது. மருந்து அழிப்பது நடந்ததன் நினைவை மட்டுமே. பயம் உள்ளேயே தங்கிவிடுகிறது, தன்னைத் திருத்த ஒரு சாட்சிகூட இல்லாமல்.

வென்டிலேட்டர் மருத்துவம் தொடங்கியபோது நோயாளிகள் விழித்துத்தான் இருந்தார்கள். 1952 ஆகஸ்ட்டில் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் அந்த மாதம் 27ஆம் தேதி 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, அதில் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். பிறகு ஏறக்குறைய 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் பல மாதங்கள் இரவும் பகலும் கட்டிலருகே உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பெருமளவு விழுந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அங்கிருந்து வளர்ந்ததுதான். போலியோ பொதுவாக நினைவைக் கலைப்பதில்லை, நோயாளிகளில் பலர் தெளிவாக இருந்தார்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் ஆள் இருந்தார். பின்னால் மாணவர் இருந்த இடத்துக்குக் கருவி வந்தது. கருவியோடு நோயாளி மோதினார், மோதலை அடக்க மருந்து கூடிக்கொண்டே போனது.

திரும்பி வரும் பாதை 2000இல் தொடங்கியது. சிகாகோவில் ஜான் கிரெஸ் 128 நோயாளிகளை வைத்து எளிமையான ஒன்றைச் செய்தார். ஒரு பாதிப் பேருக்கு நாள்தோறும் மயக்க மருந்தை நிறுத்தி, விழிக்க விட்டார். மற்றவர்கள் மெஷினில் 7.3 நாட்கள் இருக்க, இவர்கள் 4.9 நாட்களில் விடுபட்டார்கள். விழிக்கவிட்டதால் மனம் உடையவில்லை. பிற்பாடு பார்த்தபோது மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இவர்களிடம் குறைவாகவே இருந்தன. டென்மார்க்கின் ஓடன்ஸ நகரில் தாமஸ் ஸ்ட்ரோம் இன்னும் ஒரு படி போய், வலி மருந்து மட்டும் கொடுத்து மயக்க மருந்தே இல்லாமல் வைத்துப் பார்த்தார். அந்த 2010 ஆய்வில் மெஷின் நாட்கள் குறைந்தன. பத்தாண்டு கழித்து 700 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், லேசான மயக்கத்துக்கும் மயக்கமே இல்லாததற்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆக, முழு விழிப்புதான் வேண்டும் என்பதில்லை. கூப்பிட்டால் கண் திறக்கும் அளவு லேசாக வைத்தால் போதும்.

கோவிட் வந்து இதையெல்லாம் ஒரே அடியில் பின்னுக்குத் தள்ளியது. நெருக்கடியில் பழைய மருந்துகளும் ஆழ்ந்த மயக்கமும் திரும்பின, உறவினர் வெளியே நின்றனர். 14 நாடுகளின் 69 ஐசியுக்களில் 2,088 கோவிட் நோயாளிகளைக் கணக்கெடுத்து 2021இல் வந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சன்னி கண்டிருந்தது. மிடசோலம் வகை மருந்துகள் அந்த அபாயத்தை 59 விழுக்காடு கூட்டின. குடும்பத்தினர் பார்க்க வந்தது 27 விழுக்காடு குறைத்தது. நேரில் வந்ததோடு வீடியோ அழைப்பையும் சேர்த்த கணக்கு இது. கைப்பேசியை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்ற தாதியரின் கை அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

கோவிட் அடங்கினாலும் மெஷின் போகவில்லை. எலிக்காய்ச்சல் நுரையீரலுக்கு ஏறியவர், டெங்கி முற்றியவர், சாலை விபத்தில் சிக்கியவர் என்று இன்றும் நம் பக்கத்திலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது குடும்பம் கொண்டாடுகிறது. திரும்பியவர் சில சமயம் கொண்டாட்டத்தில் சேர முடியாமல் உட்கார்ந்திருப்பார். 2013இல் வந்த அமெரிக்க ஆய்வில், 821 ஐசியு நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில், மூன்று மாதம் கழித்துப் பரிசோதிக்கப்பட்டவர்களில் 40 விழுக்காட்டினரின் சிந்தனைத் திறன் தலையில் நடுத்தரக் காயம் பட்டவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஓராண்டு கழித்தும் 34 விழுக்காட்டினர் அதே நிலை. சன்னி எத்தனை நாள் நீடித்ததோ அத்தனைக்கு இறக்கமும் கூடுதல். சம்பளக் கணக்கு பிசகுகிறது, சொன்னது மறக்கிறது, எரிச்சல் வருகிறது. உடம்பு தேறியும் சோம்பல் பிடித்துவிட்டது என்று வீட்டில் குறைப்படுவார்கள். ராத்திரியில் கண்டதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

ஸ்காண்டிநேவிய தாதியர் தொடங்கிய ஒரு வழக்கம் இதற்கு உதவுகிறது. கட்டிலருகே ஒரு நோட்டுப் புத்தகம். தாதியும் உறவினரும் அன்றன்று நடந்ததை எளிய நடையில் எழுதுவார்கள், சில படங்களும் ஒட்டுவார்கள். குணமானவரிடம் பிறகு அதைக் கொடுத்து, உட்கார்ந்து பேசுவார்கள். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரை வைத்து ஜோன்ஸ் குழு 2010இல் இதைச் சோதித்தது. நோட்டு கிடைத்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கு மட்டுமே புதிதாக மன அதிர்ச்சி நோய் வந்தது, கிடைக்காதவர்களில் 13. கப்பலில் அடைத்துவைத்திருந்தார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவர், அந்தத் தேதியில் தன்னை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று படிக்கிறார். தானாகவே முடிச்சு அவிழ்கிறது.

இதற்கு மருத்துவமனையின் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இருபது வெள்ளிக்குள் முடிகிற காரியம். தமிழில் எழுதுங்கள், தமிழ் படிக்காதவர் என்றால் குரலில் பதிவு செய்யுங்கள். தேதி, யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், கையைக் கட்டியிருந்தார்களா, ஏன் கட்டினார்கள், எந்த நாள் குழாய் எடுத்தார்கள் என்பவை போதும். பார்க்க அனுமதி கிடைக்கும்போது அவருடைய கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கொண்டுபோய்க் கொடுங்கள், அவை இல்லாமல் சன்னி இன்னும் மோசமாகும். கண் மூடியிருந்தாலும் பெயர் சொல்லி, உறவு சொல்லி, இடம் சொல்லிப் பேசுங்கள். மயக்க மருந்து இன்று எந்த அளவில் இருக்கிறது, குறைத்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது அவர் வேலையில் தலையிடுவதாகாது. வீடு வந்த பிறகு மறதியோ கொடுங்கனவோ மூன்று மாதத்தைத் தாண்டினால் அடுத்த கிளினிக் நாளில் அதைச் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக வந்துவிட்டது என்று அட்டையை மூடிவிட்டு வராதீர்கள்.